கருப்பாயிக்குப் பொட்டாசியம்: சிறுநீரகம் தளர்ந்த வயதான பூனைக்குத் தாது உப்பு கொடுக்கும் முறை

பெரம்பூரில் ஒரு மருந்துக்கடையில் 22 வருடமாக வேலை பார்க்கிறேன். முன்பெல்லாம் நாய்க்குப் புழு மாத்திரை கேட்டுத்தான் ஆட்கள் வருவார்கள். இப்போது பூனைக்கு என்று வருகிறவர்களும் நிறைய. "அக்கா, பூனைக்கு வயசாயிடுச்சு, கிட்னி வீக்காம், ரொம்ப இளைச்சுப்போச்சு. ஏதாவது மினரல் சிரப் இருந்தா குடுங்க" என்பார்கள். பாட்டிலை எடுப்பதற்கு முன் நான் ஒன்றைத்தான் கேட்பேன்: "ரத்த ரிப்போர்ட் கையில இருக்கா?"

அப்படிக் கேட்கக் கற்றுக்கொடுத்தவள் என் வீட்டுப் பூனை கருப்பாயி. 2009 ஐப்பசி மழையில் கடைக்குப் பின்புறம் ஓர் அட்டைப்பெட்டிக்குள் கிடந்த குட்டி. 2024இல் அவளுக்கு 15 வயது. தண்ணீர்க் கிண்ணத்தை ஒரு நாளில் இரண்டு முறை காலி செய்ய ஆரம்பித்தாள். அவள் சிறுநீர் கழிக்கும் மண் தட்டில் ஈரம் பட்டுச் சேரும் மண் கட்டிகள் எலுமிச்சம்பழ அளவிலிருந்து சாத்துக்குடி அளவுக்குப் போயின. தடவினால் முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கையில் தட்டுப்பட்டது. எலும்பு தெரிகிறதே, கால்சியம் குறைந்திருக்கும் என்று நானாகவே முடிவு செய்தேன். மனிதர்களுக்கு விற்கும் கால்சியம், வைட்டமின் டி3 சிரப்பைக் காலையும் மாலையும் 2.5 மி.லி. வீதம் ஒரு மாதம் கொடுத்தேன்.

கால்நடை மருத்துவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "கால்சியம் யாரும்மா குடுக்கச் சொன்னாங்க?" என்று கேட்டார். கால்சியம் 12.1, பாஸ்பரஸ் 6.8. இரண்டையும் பெருக்கினால் 82. அந்தத் தொகை 70ஐத் தாண்டினால் இரண்டும் சேர்ந்து சிறுநீரகத்திலும் ரத்தக்குழாய்களிலும் இரைப்பைச் சுவரிலும் படிய ஆரம்பிக்கும் என்று விளக்கினார். ஏற்கெனவே தேய்ந்த சிறுநீரகத்துக்குள் நான் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தேன். அன்றே சிரப்பை நிறுத்தினோம். அதே தாளில் மூன்றாவதாக ஓர் எண் இருந்தது: பொட்டாசியம் 3.1. ஆக, அவளுக்கு ஒரு தாது உண்மையிலேயே குறைந்துதான் இருந்தது. நான் ஒரு மாதம் ஊற்றியது அது இல்லை.

அதனால் நான் முதலில் சொல்வது இதுதான். சிறுநீரக நோய் வந்த பூனைக்குப் பொதுவான 'தாது சத்து' என்று ஒன்று கிடையாது. சிறுநீரகம் தேயும்போது பாஸ்பரஸை வெளியே தள்ள முடியாமல் அது ரத்தத்தில் தேங்குகிறது. பொட்டாசியமோ நேர்மாறாக, நிறையப் போகும் சிறுநீரோடு ஓடிவிடுகிறது. பூனை சாப்பிடுவதும் குறைவதால் போனது திரும்ப வருவதில்லை. ஒன்றைத் தடுக்க வேண்டும், இன்னொன்றை நிரப்ப வேண்டும். எல்லாவற்றையும் கலந்து அடைத்த மல்டி மினரல் டானிக்கில் பாஸ்பரஸும் இருக்கும், கால்சியமும் இருக்கும், வேண்டிய அளவு பொட்டாசியம் இருக்காது.

ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது

கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு), பாஸ்பரஸ், கால்சியம், பொட்டாசியம், ஹீமோகுளோபின். இந்த ஐந்தும் ஒரே நாளில் எடுத்த ரத்தத்தில் இருக்க வேண்டும். பாஸ்பரஸ் சாப்பாட்டுக்குப் பின் ஏறித் தெரியலாம் என்பதால் காலையில் உணவு வைக்கும் முன் ரத்தம் எடுப்பது நல்லது. தண்ணீரை மட்டும் ஒரு மணி நேரம்கூட எடுத்துவைக்காதீர்கள். இந்தப் பூனைகளுக்குத் தண்ணீர் இல்லாமல் போனால் அன்றைக்கே நிலைமை மோசமாகும்.

பூனை, நாய்களின் சிறுநீரக நோயை நிலை பிரிக்க ஐரிஸ் என்ற பன்னாட்டு நிபுணர் குழு வகுத்த கணக்கைத்தான் மருத்துவர்கள் பின்பற்றுகிறார்கள். பூனைக்குக் கிரியாட்டினின் 1.6 முதல் 2.8 வரை இரண்டாம் நிலை, 2.9 முதல் 5.0 வரை மூன்றாம் நிலை, அதற்கு மேல் நான்காம் நிலை. கருப்பாயிக்கு 3.4, அதாவது மூன்றாம் நிலை. ஒவ்வொரு நிலைக்கும் பாஸ்பரஸ் எதற்குக் கீழே இருக்க வேண்டும் என்றும் இலக்கு உண்டு: இரண்டாம் நிலையில் 4.6, மூன்றாம் நிலையில் 5.0, நான்காம் நிலையில் 6.0. இந்த எண்களை ஒரு தாளில் எழுதி ரிப்போர்ட்டோடு பின் செய்து வையுங்கள். ஏனென்றால் லேப் தாளில் பக்கத்தில் அச்சாகியிருக்கும் நார்மல் அளவு இதைவிட அகலமாக இருக்கும். 5.8 பாஸ்பரஸ் உள்ள பூனைக்கு 'நார்மல்' என்று வந்த தாளைக் கடையில் நானே பார்த்திருக்கிறேன்.

பொட்டாசியம் 3.5க்குக் கீழே போனால் கட்டாயம் கொடுக்க வேண்டும். நான்கை ஒட்டி இருந்தால் மருத்துவர் பூனையின் தளர்ச்சியைப் பார்த்து முடிவு செய்வார். 5.5ஐ நெருங்கினால் கொடுக்கவே கூடாது.

பொட்டாசியம் குறைந்த பூனை எப்படி இருக்கும் என்பதை ஒரு முறை பார்த்துவிட்டால் மறக்காது. கருப்பாயி கூப்பிட்டால் தலையைத் தூக்க மாட்டாள். தாடை நெஞ்சில் படுகிற மாதிரி கழுத்து தொங்கும். கண்ணை மட்டும் மேலே உருட்டிப் பார்ப்பாள். கோபத்தில் முறைக்கிறாள் என்று நான் நினைத்தேன். உண்மையில் கழுத்துத் தசைக்குத் தலையைத் தாங்கும் வலு இல்லை. ஜன்னல் திண்டில் ஏறப் பார்த்து, முன்காலை வைத்துவிட்டு, பின்னங்காலை எழுப்ப முடியாமல் இறங்கிவிடுவாள். மலச்சிக்கலும் சேர்ந்து வரும், குடலும் தசைதானே.

ஆனால் அறிகுறியை மட்டும் நம்பிக் கொடுக்கக் கூடாது. பொட்டாசியம் குறைந்தாலும் தளர்ச்சி, கூடினாலும் தளர்ச்சி. கூடினால் இதயத் துடிப்பு மந்தமாகி உயிரே போய்விடும். வெளியே இருந்து பார்க்கிற நமக்கு இரண்டும் ஒரே மாதிரி படுத்திருக்கும் பூனைதான்.

முதலில் பாஸ்பரஸ்

சத்து கொடுக்க வந்தவர்களுக்கு இது பிடிக்காது, ஆனால் வரிசை இதுதான். சிறுநீரகப் பூனைகளுக்கென்றே வரும் உணவில் பாஸ்பரஸ் குறைவு, பொட்டாசியம் கூடுதலாகவே சேர்த்திருப்பார்கள். பூனை அதை ஒழுங்காகச் சாப்பிட்டால் தனியாகப் பொட்டாசியம் தேவைப்படாமலே போகலாம். பழைய உணவோடு கால் பங்கு கலந்து, மூன்று நான்கு வாரம் எடுத்து மெதுவாக மாற்றுங்கள். குமட்டலோடு கிடக்கும் நாளில் புதிய உணவைத் திணித்தால் அந்த வாசனையே பிறகு ஆகாது.

அந்த உணவு கட்டுப்படியாகாதவர்கள் வீட்டுச் சாப்பாட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. கருவாடு, முள்ளோடு போடும் நெத்திலி, ஈரல், கோழி எலும்பு எல்லாவற்றிலும் பாஸ்பரஸ் அதிகம். முட்டையில் மஞ்சள் கருதான் பாஸ்பரஸ் மூட்டை, வேகவைத்த வெள்ளைக் கருவில் மிகக் குறைவு. கோழிக் கறியை நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கறியை மட்டும் வைத்தால் பாஸ்பரஸில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும். ஆனால் இப்படி வீட்டுச் சாப்பாட்டை மட்டும் மாதக்கணக்கில் கொடுத்தால் பூனைக்கு அவசியமான டாரின் போன்ற சத்துகள் குறைந்து வேறு சிக்கல் வரும். மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

உணவை மாற்றியும் பாஸ்பரஸ் இறங்கவில்லை என்றால் அதைக் குடலிலேயே பிடித்துவைக்கும் மருந்து தருவார்கள். கருப்பாயிக்குக் கால்சியம் ஏற்கெனவே கூடியிருந்ததால் கால்சியம் கார்பனேட் ஆகாது என்றார் டாக்டர். வீட்டில் முட்டை ஓட்டைப் பொடித்துக் கலக்குகிறவர்களும் சங்கு பற்பம் தேடுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும், இரண்டும் கால்சியம்தான். அலுமினியம் ஹைட்ராக்ஸைடும் பூனைகளுக்குப் பயன்படுத்துவதுதான். ஆனால் நம் கடைகளில் வயிற்றெரிச்சலுக்கு விற்கும் ஜெல்லில் அதோடு மெக்னீசியமும் கலந்திருக்கும். தேய்ந்த சிறுநீரகத்தில் மெக்னீசியமும் தேங்கும். அந்த ஜெல்லை வாங்காதீர்கள்.

அவளுக்கு எழுதித் தந்தது லாந்தனம் கார்பனேட். டயாலிசிஸ் செய்துகொள்ளும் மனிதர்களுக்கு விற்கும் 500 மி.கி. சவைக்கும் மாத்திரை. 3.2 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு 125 மி.கி., இரண்டு வேளையாக. அதாவது ஒரு மாத்திரையில் எட்டில் ஒரு பங்கு ஒரு வேளைக்கு. நகத்தால் கிள்ளி எட்டாக்க முடியாது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கடையில் இருந்த வயதான கம்பவுண்டர் பொட்டலம் மடிக்கக் கற்றுக்கொடுத்தார், அது இப்போது உதவியது. மாத்திரையைச் சின்ன உரலில் மாவாக இடித்து, வழவழப்பான காகிதத்தில் கொட்டி, பழைய ஏ.டி.எம். கார்டின் ஓரத்தால் சதுரமாகத் தட்டி, நடுவே ஒரு கோடு, பிறகு ஒவ்வொரு பாதியிலும் ஒரு கோடு, மறுபடியும் ஒரு கோடு. எட்டுப் பங்கு, எட்டுப் பொட்டலம், நான்கு நாளைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் பத்து நிமிட வேலை.

இந்த மருந்து சாப்பாட்டோடு சேர்ந்து போனால்தான் வேலை செய்யும். சாப்பாட்டில் இருக்கும் பாஸ்பரஸைத்தான் அது பிடிக்கிறது. வெறும் வயிற்றில் கொடுத்தால் கொடுத்ததே வீண். பூனை பாதித் தட்டோடு எழுந்துபோகிற வழக்கம் உள்ளதென்றால், முதல் இரண்டு கரண்டி உணவிலேயே பொடியைக் கலந்து வைத்து, அதை முடித்த பிறகு மிச்சத்தை வையுங்கள். வேறு மாத்திரைகள் இருந்தால் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள், சிலவற்றையும் இது பிடித்துக்கொள்ளும். ஒரு மாதத்தில் மறுபடி ரத்தம் பார்த்தபோது பாஸ்பரஸ் 5.4, இரண்டாவது மாதம் 4.7.

பொட்டாசியம்: பாட்டிலைப் படிப்பது

மருந்துக்கடைக்காரி என்ற முறையில் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன், தவறு நடப்பது இந்த இடத்தில்தான்.

பொட்டாசியத்தை மருத்துவர் மில்லிகிராமில் எழுத மாட்டார், பொட்டாசியத்தை மட்டும் கணக்கிடும் மில்லி ஈக்விவலென்ட் (mEq) என்ற அளவில் எழுதுவார். பொட்டாசியம் எதோடு சேர்ந்திருக்கிறதோ அதைப் பொறுத்து எடை மாறிவிடும் என்பதே காரணம். பாருங்கள்: பொட்டாசியம் குளுக்கோனேட் 595 மி.கி. மாத்திரையில் இருப்பது 99 மி.கி. பொட்டாசியம்தான், அது 2.5 மில்லி ஈக்விவலென்ட். பொட்டாசியம் சிட்ரேட் 1080 மி.கி. மாத்திரையில் 10. பொட்டாசியம் குளோரைடு சிரப் 15 மி.லி.யில் 1.5 கிராம், அதில் 20. அட்டையில் உள்ள மில்லிகிராமை மட்டும் பார்த்து 'அதே அளவுதானே' என்று ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் கொடுத்தால் சில மடங்கு கூடவோ குறையவோ போய்விடும். இணையத்தில் வெளிநாட்டுக்காரர்கள் சொல்லும் அளவு பெரும்பாலும் குளுக்கோனேட்டுக்கு. நம் ஊர்க் கடைகளில் சுலபமாகக் கிடைப்பது குளோரைடும் சிட்ரேட்டும்.

குளோரைடு கசக்கும், வயிற்றைப் புண்ணாக்கும், ரத்தத்தில் அமிலத்தைக் கூட்டும். சிறுநீரகப் பூனைக்கு ஏற்கெனவே அமிலம் ஏறியிருக்க வாய்ப்பு உண்டு. சிட்ரேட் அந்த அமிலத்தையும் தணிக்கும் என்பதால் டாக்டர் அதையே எழுதினார். கடையில் எடுத்தது 5 மி.லி.யில் 1100 மி.கி. பொட்டாசியம் சிட்ரேட்டும் கொஞ்சம் சிட்ரிக் அமிலமும் உள்ள சிரப். கணக்குப் போட்டால் 1 மி.லி.யில் 2 மில்லி ஈக்விவலென்ட். அவளுக்கு எழுதியிருந்தது 12 மணி நேரத்துக்கு ஒரு முறை 2. ஆக, வேளைக்குச் சரியாக 1 மி.லி.

சிரப் பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கத்தையும் படியுங்கள். சிட்ரேட் சிரப்களில் சிலவற்றில் மெக்னீசியம் சிட்ரேட்டும், சிலவற்றில் சோடியம் சிட்ரேட்டும் சேர்ந்திருக்கும். பெயர் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். புரோப்பிலீன் கிளைக்கால் என்று இருந்தால் வேண்டாம், பூனையின் ரத்த சிவப்பணுக்களை அது கெடுக்கும். சந்தேகம் இருந்தால் பாட்டிலைப் படம் எடுத்து மருத்துவருக்கு அனுப்பிவிட்டுத் திறவுங்கள்.

பூனை வேறு என்ன மருந்து சாப்பிடுகிறது என்பதும் முக்கியம். ரத்த அழுத்தத்துக்கோ சிறுநீரில் புரதம் போவதற்கோ பெனாசெப்ரில், டெல்மிசார்டன் கொடுத்தால் அவை உடலில் பொட்டாசியத்தைத் தங்கவைக்கும். அதோடு சிரப்பும் சேர்ந்தால் எகிறிவிடும். ஆண் பூனை தட்டில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் பொட்டாசியத்தைத் தொடவே தொடாதீர்கள், நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

வாய்க்குள் கொண்டுபோவது

முதல் நாள் நான் செய்தது தவறு. அவளுக்குப் பிடித்த வஞ்சிர மீன் துண்டில் சிரப்பை ஊற்றிக் கொடுத்தேன். மோந்து பார்த்தாள், பின்னங்காலால் தரையைச் சுரண்டி மூடுவதுபோலப் பாவனை செய்தாள், போய்விட்டாள். அன்றிலிருந்து வஞ்சிரமும் போயிற்று. இப்படி மெலிந்த பூனையிடம் பிடித்த உணவு ஒன்றை இழப்பது பெரிய நஷ்டம். அதனால் இந்த சிரப்பை அதன் தட்டில் கலக்காமல் இருப்பதே நல்லது.

பிறகு கண்டுபிடித்த முறை இது. ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்சில் முதலில் 1 மி.லி. சிரப், அதன் மேல் 3 மி.லி. வெதுவெதுப்பான கோழித் தண்ணீர். உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் போடாமல் வேகவைத்தது. வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம், துளிகூடக் கூடாது. அந்தத் தண்ணீரில் கொஞ்சம் பாஸ்பரஸ் இறங்கியிருக்கும்தான், 3 மி.லி.க்கு அது பெரிய கணக்கில்லை. ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து ஒரு கட்டியை மட்டும் எடுத்துச் சூடாக்குவேன்.

பாதிச் சாப்பாடு முடிந்ததும் தொடங்க வேண்டும், வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரும். சமையலறைத் தரையில் நான் மண்டியிட்டு உட்கார்வேன். அவள் என் முழங்கால்களுக்கு நடுவே, முகம் வெளிப்பக்கம் பார்த்து. பின்னால் போக முயன்றால் என் வயிறு தடுக்கும். பழைய துண்டு ஒன்று மார்பைச் சுற்றி. இடது உள்ளங்கை நெற்றியில், அழுத்தாமல், வெயில் படாமல் மறைப்பதுபோல. சிரிஞ்ச் முனையைக் கோரைப் பல்லுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில், கன்னத்தின் உட்பக்கம் நுழைத்து அரை மி.லி. மட்டும் அழுத்துவேன். நாக்கு வெளியே வந்து உதட்டை நக்கும்வரை காத்திருப்பேன். நக்கினால் விழுங்கிவிட்டாள் என்று அர்த்தம். அப்புறம் அடுத்த அரை. எட்டு முறையில் முடியும். தலையை மேலே தூக்கிப் பிடித்து ஒரே அழுத்தாக அழுத்தினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

புளிப்பு நாக்கில் பட்டால் எச்சில் நூல் நூலாக வடியும். முதல் தடவை பயந்துபோனேன். அது ருசிக்குத்தான், ஒரு நிமிடத்தில் நின்றுவிடும். நிற்காமல் வடிந்தாலோ வாந்தி எடுத்தாலோ அந்த வேளை போனது போகட்டும், மறுபடி ஊற்றாதீர்கள். எவ்வளவு உள்ளே போயிற்று என்று தெரியாமல் இரண்டாவது தடவை கொடுப்பதும், காலையில் மறந்ததை இரவில் சேர்த்துக் கொடுப்பதும் பொட்டாசியத்தில் ஆபத்து.

மாத்திரையாகக் கொடுக்க நேர்ந்தால் அதற்குப் பின் 5 மி.லி. தண்ணீராவது குடிக்கவையுங்கள். உலர்ந்த மாத்திரை பூனையின் உணவுக்குழலில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும், பொட்டாசியம் மாத்திரை இதில் ரொம்பவே மோசம்.

ஆறாம் நாள் காலையில் நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பின்னால் 'தொப்' என்று சத்தம். கருப்பாயி ஜன்னல் திண்டில் நின்றுகொண்டு, கழுத்தை நீட்டி, எதிர்வீட்டுப் புறாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து நேராக இருந்தது. பத்தாம் நாள் ரத்தம் பார்த்தபோது பொட்டாசியம் 3.9.

மற்றவை

தோலுக்கு அடியில் ஏற்றும் டிரிப்பிலேயே எல்லா உப்பும் இருக்கிறதே என்பார்கள். ரிங்கர் லாக்டேட் ஒரு லிட்டரில் பொட்டாசியம் வெறும் 4 மில்லி ஈக்விவலென்ட். 100 மி.லி. ஏற்றினால் 0.4தான் போகிறது. அதற்கு மேல் போகும் சிறுநீரில் அதைவிட அதிகம் வெளியேறலாம். டிரிப் நீர்ச்சத்துக்கு. பொட்டாசியத்தைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். டிரிப் பாட்டிலில் பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலை வீட்டிலேயே கலந்துவிடலாமா என்று ஒருவர் கேட்டார். அந்த 10 மி.லி. ஆம்பியூலில் 20 மில்லி ஈக்விவலென்ட் இருக்கிறது. மருத்துவர் கையால், அவர் கணக்குப் போட்டுக் கலந்தால் ஒழிய வேண்டவே வேண்டாம்.

இளநீர் கொடுக்கலாமா என்று கேட்காதவர்களே இல்லை. அதில் பொட்டாசியம் நிறையவே உண்டு. ஆனால் காய்க்குக் காய், இளசுக்கும் முற்றலுக்கும் அளவு மாறும். 3 கிலோ பூனைக்கு அளவு தெரியாத பொட்டாசியத்தை ஊற்றுவது சரியில்லை, நான்காம் நிலைப் பூனைக்கு அது ஆபத்து. ஓ.ஆர்.எஸ். கரைசலும் வேண்டாம். அதில் பொட்டாசியத்தைவிடச் சோடியம் ஏறக்குறைய நான்கு மடங்கு. இந்தப் பூனைகளில் பலவற்றுக்கு ரத்த அழுத்தமும் இருக்கும்.

ஈறு வெளுத்தால் இரும்புச் சத்து டானிக் வாங்க வருகிறார்கள். சிறுநீரகப் பூனைக்கு ரத்தம் குறைவது பெரும்பாலும் இரும்பு இல்லாததால் இல்லை. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோனைச் சிறுநீரகம் போதுமான அளவு சுரக்காததால். அந்த ஹார்மோன் ஊசி போடும்போது கூடவே இரும்பு ஊசியும் போடுவார்கள், அது மருத்துவர் வேலை. வாய்வழி இரும்பு வயிற்றைக் கெடுத்து இருக்கும் பசியையும் கொல்லும். பி12 தாது இல்லை, வைட்டமின். சிறுநீரோடு போகக்கூடியது என்பதால் மருத்துவர் ஊசி போட்டால் போட்டுக்கொள்ளுங்கள். பொட்டாசியம் எவ்வளவு கொடுத்தும் ஏறவே இல்லை என்றால் மெக்னீசியம் குறைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மெக்னீசியம் இல்லாமல் பொட்டாசியம் உடலில் நிற்காது.

எழுதி வைப்பது

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். நான் போட்டிருக்கும் பத்திகள்: தேதி, எடை, எத்தனை கரண்டி சாப்பிட்டாள், பொட்டலம், சிரப், மலம், வாந்தி. எடையை வாரம் ஒரு முறை, வெள்ளிக்கிழமை காலை, காய்கறிக்கடைத் தராசு மாதிரியான 10 கிலோ டிஜிட்டல் தராசில் பிளாஸ்டிக் கூடையை வைத்துப் பார்ப்பேன். நாமும் ஏறி நின்று கழிக்கும் தராசில் 100 கிராம் குறைவது தெரியாது. 3 கிலோ பூனைக்கு 100 கிராம் பெரிய விஷயம்.

பொட்டாசியம் ஆரம்பித்தால் ஒன்றிரண்டு வாரத்துக்குள் ஒரு தடவை ரத்தம் பாருங்கள், அளவு மாற்றும்போதெல்லாம் அதேபோல. நிலையாகிவிட்டால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. பாஸ்பரஸ் இலக்குக்கு வரும்வரை மாதம் ஒரு முறை. பணம் கையைக் கடிக்கும், தெரியும். வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது, சென்னையில் இருப்பவர்கள் அங்கே விசாரித்துப் பாருங்கள். எது செலவானாலும் ரத்தம் பார்க்காமல் சிரப்பைத் தொடராதீர்கள். பூனை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை, அல்லது மண் தட்டு காய்ந்து கிடக்கிறது என்றால் அன்றைய வேளையைக் கொடுக்காமல் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள்.

நிறுத்த வேண்டிய நாளும் வரும். ஒன்பதாவது மாதம் கருப்பாயிக்குச் சிறுநீரில் புரதம் போனதால் டெல்மிசார்டன் ஆரம்பித்தார்கள். அப்போதே டாக்டர் சிரப்பை ஒரு வேளையாக்கினார். இரண்டு வாரம் கழித்துப் பொட்டாசியம் 5.3. "இனி வேணாம்மா, அது தானா நிக்குது" என்றார். நல்லா இருக்கிறாளே, ஏன் நிறுத்த வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. நிறுத்தினேன். அடுத்த ரத்தத்தில் 4.6.

இப்போது அவளுக்கு 16 நடக்கிறது. எடை 3.1. காலை ஆறு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் பொட்டலம் மட்டும். மிச்சமிருந்த சிரப்பைக் கொட்டிவிட்டேன், நோட்டில் அந்தப் பத்தியை அழிக்காமல் காலியாக விட்டிருக்கிறேன். டாக்டர் மறுபடி எழுதச் சொன்னால் அதே இடத்தில் எழுதுவேன். அடுத்த ரத்தம் 14ஆம் தேதி, காலை ஏழு மணிக்கு, உணவு வைக்கும் முன்.